டாங்கியின் மேல் ஏற்றிய பிள்ளை

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வெம்பிளியிலிருந்து புறப்பட்டோம். ஹைகேட் ஹில் முருகன் கோயில் அங்கிருந்து எட்டு மைல். ரயிலில் போயிருக்கலாம்; என் முழங்கால் படிக்கட்டைக் கண்டாலே முரண்டு பிடிக்கும். அதனால் வாடகைக் கார், இருபத்தாறு பவுண்ட். உடன் வந்தவர் சிவநேசன், என் மகள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே இருக்கிறார். ஓட்டுநர் ஹானி, எகிப்துக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

நார்த் சர்குலர் சாலையில் வண்டி ஊர்ந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. நெல்லையில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். காலை நடையில் நண்பர்களிடம் வருடக்கணக்காக அடித்துவிடும் வசனத்தை இங்கேயும் எடுத்துவிட்டேன்.

"நம்ம நாட்டுக்கெல்லாம் அஞ்சு வருஷம் மிலிட்டரி ரூல் போட்டாத்தான் சரிப்பட்டு வரும், சிவா."

சிவநேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் முன்னாலிருந்து வந்தது. நான் சொன்னதில் ஹானிக்குப் புரிந்தவை இரண்டே சொற்கள். அவை போதுமாக இருந்தன. ராணுவ ஆட்சி வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். வேண்டும் என்றேன்.

அடுத்த சிக்னலில் கைப்பேசியை நீட்டினார். டாங்கியின் மேல் எட்டு வயதுப் பையன், தலையில் சிப்பாயின் தொப்பி. அவனைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவர் ஹானியேதான்.

புரட்சியின்போது கெய்ரோ சதுக்கத்தில் இரவும் பகலும் கிடந்தவராம். தாடி வைத்த பக்கத்து வீட்டுக்காரரும் அவரும் ஒரே கூடாரம், ஒரே ரொட்டி. பிறகு தேர்தலில் தாடிக்காரர்களின் மதக் கட்சி ஜெயித்தது. ஹானிக்குப் பொறுக்கவில்லை. ராணுவம் வந்து அவர்களை ஆட்சியிலிருந்து இறக்கியபோது தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தார், மகனை டாங்கி மேல் ஏற்றிப் படம் எடுக்கச் சொன்னார். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"நான் உள்ளேதான் இருந்தேன். திறக்கவில்லை," என்றார் ஹானி.

படத்திலிருந்த பையனுக்கு இப்போது இருபது வயது. கைப்பேசியில் அந்த ராணுவ ஆட்சியைப் பற்றி ஏதோ கேலிப்படத்தைப் பகிர்ந்தான் என்று பதினான்கு மாதமாகச் சிறையில் வைத்திருக்கிறார்கள். வழக்கு நடக்கவில்லை, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை நீதிபதி காவலை நீட்டிப்பார், அல்லது விடுவார். அன்று அந்த நாள். பதினொரு மணிக்குள் தன் மனைவி கெய்ரோவிலிருந்து கூப்பிடுவாள் என்றார்.

கோல்டர்ஸ் கிரீன் தாண்டியதும் போன் அடித்தது. மணி பத்து ஐம்பது. அரபியில் நான்கு வார்த்தை பேசி வைத்தார்.

"இன்னும் நாற்பத்தைந்து நாள்," என்றார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று ஏதோ உளறினேன். சொன்னதும் வெட்கமாக இருந்தது.

ஆர்ச்வேயில் இறங்கி, கார் போன பிறகுதான் சிவநேசன் வாய் திறந்தார்.

"உங்கட வீட்டுக் கதவை ஆமி தட்டினதில்லை, அண்ணை. அதாலதான் உங்களுக்கு அப்பிடிக் கதைக்க ஏலுது."

கோயிலில் அந்தப் பையனுக்காக அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். கதை முழுக்கக் கேட்டவன் பிள்ளையின் பெயரைக் கேட்கவில்லை. சுவாமி பெயருக்கே செய்யச் சொன்னேன். தேவசேனாபதி என்று ஐயர் அர்ச்சித்தபோது திடுக்கிட்டேன். நெல்லையில் எத்தனையோ முறை கேட்ட நாமம்தான். நம் சாமியும் ஒரு படைத்தலைவர் என்பது அங்கே ஒருநாளும் உறைத்ததில்லை. கும்பிடத்தான் கும்பிட்டேன். பிள்ளையை விடச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.