மஞ்சள் செருப்புப் பூ

ஹெஸ்டர் லோதர்ஸ்டேல் எழுதிய பூப் புத்தகங்களை இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஆலைத் தெருப் பெண்கள்கூடக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். ஆனால் அந்தப் பூக்களுக்காகக் காடுமேடெல்லாம் அலைந்தது அவளுடைய தங்கை டார்கஸ். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. செட்டில் என்ற மலையோரச் சிற்றூரில் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

ஊருக்கு மேலே, சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஒரு தோப்பு. மே மாதக் கடைசியில் அங்கே குழந்தையின் செருப்பைப் போல மஞ்சள் பூக்கள் பூக்கும். டார்கஸ்தான் அக்காவை அழைத்துப்போய்க் காட்டினாள்.

"பூவைப் பத்தி எழுது. இடத்தை மட்டும் எழுதிடாத அக்கா."

"ஆலைப் புகையை முழுங்கிட்டுக் கெடக்குற பொண்ணுங்க ஒருநாள் ரயிலேறி வந்து பாக்கட்டுமேடி. தோப்பை உன் பேருக்கா எழுதி வச்சிருக்கு?"

"பாக்க மட்டுந்தான் வருவாங்களாக்கும்! உன்னைப் போல வெகுளி உண்டா?"

ஹெஸ்டர் சிரித்துக்கொண்டே எழுதினாள். தோப்பின் பெயர், ஸ்டேஷனிலிருந்து போகும் வழி, எல்லாவற்றையும்.

புத்தகம் வந்த இரண்டாம் வருஷக் குளிரில் டார்கஸுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. வசந்தம் வந்தும் எழுந்திருக்க முடியவில்லை.

"அந்தப் பூவை ஒரு தடவை பாக்கணும் அக்கா. ஒண்ணே ஒண்ணு பறிச்சிட்டு வா."

ஹெஸ்டர் மேடேறிப் போனாள். தோப்பு முழுக்கக் குழிகள். மிதிபட்ட இலைகள். பட்டுக் கவுன் போட்ட ஒரு சீமாட்டி, மண்ணோடு பெயர்த்த செடியைக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ் லோதர்ஸ்டேல்தானே? புத்தகத்துல உங்க படத்தைப் பாத்திருக்கேன்! கடைசிச் செடி எனக்குத்தான் கெடச்சுது."

"அதுல ஒரு பூ குடுப்பீங்களா? என் தங்கச்சி படுத்த படுக்கையா கெடக்குறா."

"ஐயோ பாவம். ஆனா இதுல இருக்கறதே ஒரு பூதானே? இதுக்குன்னு கண்ணாடிப் பெட்டியே வாங்கிட்டோம்."

சீமாட்டி கூடையைத் துணியால் மூடிக்கொண்டாள். அவள் போன பிறகு ஹெஸ்டர் மண்டியிட்டு, வெறும் கையால் குழிகளில் மண்ணைத் தள்ளி மூடினாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் டார்கஸ் வாசலையே பார்த்தபடி படுத்திருந்தாள்.

"இன்னும் பூக்கலடி. இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி."

டார்கஸின் கண்கள் அக்காவின் நகங்களில் இருந்த மண்ணில் நின்றன.

"எல்லாத்தையுமா தோண்டிட்டாங்க?"

ஹெஸ்டர் கட்டிலில் முகம் புதைத்து அழுதாள். டார்கஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பிறகு மருந்து, தண்ணீர் தவிர எதைப் பற்றியும் பேசவில்லை. ஜூன் பிறப்பதற்குள் போய்விட்டாள்.

அடுத்த பதிப்பில் ஹெஸ்டர் தோப்பின் பெயரை நீக்கச் சொன்னாள். ஏன் நீக்கினீர்கள் என்று வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள்.