கஞ்சி கொண்டுபோன மகளும் கர்த்தர் கொடுத்த இருப்பும்

“...அதனால இந்த மாசத்தோட எறங்கிப் போவச் சொல்லு. வேல இல்லாத அசலூரு வரத்தனுக்கு இந்த ஊர்ல என்னட்டி இருப்பு? நாளைக்குப் போலீசு வந்து கேட்டா நானாக்கும் பதில் பறையணும். நீ வாய்க்காரி, நீ சொன்னா அவனுக்கு மனசிலாவும்” என்றாள் லில்லி மைனி.

மைனி என் அண்ணன் மனைவி. பாறசாலையில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. அவள் வீட்டுக்குப் பின்னால், என் சமையல்கட்டுச் சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டியிருக்கிற லைன் வீட்டில் அசாம்காரன் தீபக், மனைவி ரீமாவோடும் சின்ன மகளோடும் வாடகைக்கு இருந்தான். அவன் வேலை பார்த்த ஹாலோபிளாக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். மழைக்காலம், வேறு வேலையும் அமையவில்லை. கர்க்கடகம் என்கிற ஆடி மாதத்து மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானம், அவனிடம் சொல்லச் சொல்லித்தான் மைனி என்னை அனுப்பினாள்.

எனக்குத் தொழில் துணி வியாபாரம். பாலராமபுரத்தில் நேரியது என்கிற கரைவைத்த மேல்துணியும் வேட்டியும் எடுத்து, கட்டாகக் கட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறவள். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்; வீட்டு வாசல்களில் படித்தது அதிகம். ஒரு வீட்டில் பழமொழி கேட்டால் அடுத்த வீட்டில் அதைச் சொல்லாமல் எனக்குத் துணி விற்காது. அன்றைக்கும் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டேதான் நடந்தேன். லைன் வீட்டு வாசலுக்குப் போவதற்குள் போன் அடித்தது. இங்கிலாந்திலிருந்து என் மகள் ஜெஸி.

“அம்மா, எங்க ஹோமுக்க லைசன்ஸ கவர்மெண்டு எடுத்துக்கிட்டு. எங்க எல்லாருக்கும் வேல போச்சும்மா.”

அவள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போனவள். வேலை கொடுத்த இல்லத்தின் பேரில்தான் விசா. அவள் விசாவின் பேரில்தான் மருமகனும் பேரப்பிள்ளையும் பின்னால் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வெளிநாட்டாரை வேலைக்கு வைக்க லைசன்ஸ் உள்ள வேறு இடம் இரண்டு மாதத்துக்குள் அமையாவிட்டால் மூன்று பேரும் நாடு விட்டுப் புறப்பட வேண்டும். பிள்ளையை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்து அப்போதுதான் ஒரு தவணை முடிந்திருந்தது.

போனை வைத்தேன். மைனி சொன்ன வார்த்தை காதுக்குள் அப்படியே நின்றது. வேலை இல்லாதவளுக்கு அந்த ஊரில் என்ன இருப்பு? தீபக்கிடம் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

சமையல்கட்டில் முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, அந்நிய தேசத்தில் என் பிள்ளைக்கு ஒரு இடம் கொடும்” என்று தொடங்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம். மைனியின் முகத்தைப் பார்த்தே காரியத்தைப் புரிந்துகொண்டு, ரீமா சட்டிபானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள், “அம்மா, நம்ம எங்க போறோம்? நான் வரல்ல கேட்டியா!” என்று சிணுங்குகிறாள். அசாமில் பிறந்த பிள்ளை, அங்கன்வாடிக்குப் போய் எங்கள் பேச்சைப் பேசுகிறது.

என் ஜெபம் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு, “ஆண்டவரே, இந்த இரண்டு வீட்டையும் சேர்த்துப் பாரும்” என்றேன். அன்றுமுதல் அதுதான் என் ஜெபம். ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மைனியிடம் போய் ஜெஸி காரியத்தைச் சொல்லி, “மைனி, ஓணம் வரைக்கும் விடுங்க” என்றேன்.

“ஒனக்க மவளுக்கு வேல போனா, எனக்க லைன்வீட்ட சத்திரமாக்கணுமா? இருக்க எடம் குடுத்தா படுக்கப் பாய் கேப்பானுவ, கேட்டியா.”

“பாய் நான் தாறேன்.”

“வாய் மட்டும் உண்டு ஒனக்கு!” என்று எரிந்து விழுந்தாள். ஆனாலும் ஓணம் வரைக்கும் என்று ஒத்துக்கொண்டாள். அதையே முதல் பதிலாக எடுத்துக்கொண்டு ஸ்தோத்திரம் பண்ணினேன்.

ஜெஸி கேட்ட இடமெல்லாம் கைவிரித்தது. ஆள் வேண்டும், ஆனால் விசா பொறுப்பு ஏற்க மாட்டோம் என்றார்கள். போதாததற்கு அவள் மேல் பழைய குறை ஒன்று இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தச் சாட்சி விளங்காது.

நம்முடைய ஊரில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கஞ்சியும் பயறும் கொண்டுபோவார்கள். கொண்டுவரட்டுமா என்று யாரும் கேட்பதில்லை. போன வருடம் ஜெஸி பார்த்துவந்த ஒரு தாத்தா இறந்துபோனார். அவருடைய மகள் மார்கரெட் தனியாக இருக்கிறவர். நம்முடைய பிள்ளை கஞ்சி வைத்து, பயறு தாளித்து, தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அந்த அம்மாவின் கதவைத் தட்டியிருக்கிறாள். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த நாட்டில் இந்த வேலையில் அது குற்றம். வேலைக்காரர்கள் அனுமதி இல்லாமல் குடும்பத்தாரின் வீட்டுக்குப் போகக் கூடாதாம். மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்து எச்சரிக்கை கொடுத்துவிட்டார்.

“தெரியாம செஞ்சிட்டேம்மா” என்று அன்றைக்கு அழுதாள். “சாவு வீட்டுக்குப் போவாதவள நான் பெறல்ல மக்கா” என்று சொன்னேன். சொன்னேனே தவிர, பயந்துதான் போனேன். கால் வைத்த ஊரில் அவர்கள் முறைப்படி நடக்கத் தெரியவில்லையே, இவளை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று.

இரண்டாம் மாதம் முடியப்போகிற சமயம். ஓணத்துக்கு நேரியது வாங்க ஆட்கள் நெருக்கினார்கள். எனக்குத் துணியை விரிக்கவே கை வரவில்லை. அங்கே ஜெஸி போகிற சபையில் அவளுக்காக ஜெபித்தார்கள். அந்தச் சபைக்கு எப்போதாவது வருகிற மார்கரெட் அன்றைக்கு வந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் ஜெஸியின் கையைப் பிடித்து, “என்னிடம் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டாராம். அவருடைய பால்ய சிநேகிதி ஒருவர் பக்கத்து ஊரில் லைசன்ஸ் உள்ள ஒரு இல்லத்தை நடத்துகிறார். மறுநாளே கூட்டிக்கொண்டு போனார்.

அந்தச் சிநேகிதி, “உங்கள் பேரில் ஏதாவது குறை உண்டா?” என்று கேட்டார். ஜெஸி மறைக்கவில்லை. கஞ்சி கொண்டுபோனதையும் எச்சரிக்கை வாங்கியதையும் தானே சொல்லிவிட்டாள். அப்போது மார்கரெட் சொன்னாராம்: “அப்பா போன அன்றைக்கு எனக்குப் பூ அனுப்பினவர்கள் நிறைய. வந்து உட்கார்ந்தவள் இவள் ஒருத்திதான்.”

சிநேகிதி சிரித்து, “இங்கே போகிறதானால் என்னிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும், சரியா?” என்றாராம். அவ்வளவுதான். வேலை உறுதியாயிற்று. விசா விண்ணப்பமும் அந்த இரண்டு மாதக் கெடு முடியும் முன்னே போய்ச் சேர்ந்தது. பின்னால் அனுமதியும் வந்தது. மூன்று பேரும் அங்கேயே இருக்கிறார்கள். கர்த்தருக்கே மகிமை.

என் அன்பான உடன்விசுவாசிகளே, ஒருவன் ஒரு நாட்டில் தங்க வேலை வேண்டும். அது அரசாங்கத்தின் கணக்கு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேலை போகும்போது, இவள் எங்களுடையவள் என்று சொல்ல அந்த ஊரில் ஒரு ஆளாவது வேண்டும். அந்த ஆளைத்தான் என் தேவன் ஏற்கெனவே வைத்திருந்தார், நாங்கள் குற்றம் என்று நினைத்த இடத்திலேயே. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எத்தனை வாசலில் சொல்லித் துணி விற்றிருக்கிறேன்! அதன் பொருளை இப்போதுதான் படிக்கிறேன். நீங்களும் உங்கள் பிள்ளைக்காக முழங்கால் போடும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் காது கொடுங்கள். அவர் கேட்பார். என்னுடையதைக் கேட்டார்.

வேலை உறுதியான செய்தி வந்ததும் மைனியிடம்தான் முதலில் ஓடினேன். முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். மார்கரெட் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“கஞ்சிக்கா வேல குடுத்தாவ? உப்பாவது ஒழுங்காப் போட்டாளா அவ?” என்றாள் மைனி. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கத்தி கையில் அப்படியே நின்றது.

“வந்து உக்காந்தவ இவ ஒருத்தியாக்குமா...” என்று தனக்குள்ளேயே சொன்னாள்.

பிறகு எழுந்து கை கழுவினாள். ஓணம் நெருங்கியதால் ரீமா மறுபடியும் சாக்குக் கட்டியிருந்த லைன் வீட்டு வாசலில் நின்று, “எட்டி ரீமா, அந்தச் சாக்க அவுத்துச் சட்டிய அடுக்கி வை” என்றாள். தீபக்கைச் சட்டை மாற்றச் சொன்னாள். வெள்ளறடையில் அவளுடைய தம்பிக்கு ரப்பர் தோட்டம் உண்டு, வேலைக்கு ஆள் வேண்டிய இடம். குடையை எடுத்துக்கொண்டு, தீபக்கைக் கூட்டிப்போய் வெள்ளறடை பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் பக்கம் அவனை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.