பின்சக்கரத்தில் ஒன்றுமில்லை

எங்கள் வண்டியின் பின்சக்கரம் அந்த ஆடி மாதம் முழுக்க என் உயிரை வாங்கியது. டபுள் ஸ்டாண்டு போட்டுக் கையால் சுற்றினால் அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். நடுவிலுள்ள டிரம்மைத் தொட்டால் சுடும். பெட்ரோல் தண்ணீராய்ப் போனது.

வல்லக்கோட்டை போகும் வழியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக், முதல் தடவை செயினைத் தளர்த்திப் பார்த்தார். அடுத்த தடவை பேரிங்கைச் சோதித்துவிட்டு, பிரேக் கட்டையைப் புதிதாக மாற்றினார். சக்கரம் நன்றாகத்தான் சுற்றியது. பத்தே நாளில் பழையபடி ஆகிவிட்டது. மூன்றாம் தடவை சக்கரத்தைக் கழற்றி, கருகிப்போன கட்டையை எடுத்துக் காட்டினார்.

"அண்ணே, வீல்ல ஒண்ணும் இல்ல. நீங்க பிரேக்க மிதிச்சிக்கினே ஓட்டுறீங்க. அந்தச் சூட்டுல கட்ட கருகிப் புடிச்சிக்குது."

"இன்னாபா சொல்ற? இருபது வருஷமா வண்டி ஓட்டிக்கினு கீறேன்" என்று என் கணவர் எகிறினார்.

நான் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருப்பவள். ஷிப்டு முழுக்கக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை; வீட்டிலும் அதே புத்தி. திரும்பும் வழியெல்லாம் திட்டித் தீர்த்தேன். "சத்தியமா கால வைக்கலடி" என்றார். பொய்க்குச் சத்தியம் வேறா என்று எனக்கு ஆத்திரம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். எப்போதும் ஒருபக்கமாகத்தான் உட்காருவேன், இடப்பக்கம் காலைத் தொங்கவிட்டு. பிரேக் இருப்பது வலப்பக்கம். மூன்றாம் நாள் காலை, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஒரகடம் கிளம்பியபோது, இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். பாதி வழியில் எட்டிப் பார்த்தேன். அவருடைய சேஃப்டி ஷூ பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"மாமா, வலது கால் எங்க கீது?"

"ஃபுட்ரெஸ்ட் மேலதான்."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"அட, அதும் மேலதான் கீதுடி."

பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் பொய் சொல்லும் குரல் தெரியும். இது அந்தக் குரல் இல்லை. வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். அப்போதுதான் அவரும் குனிந்து பார்த்தார். தன் காலையே வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

ரோட்டோரம் ஒரு கல்வெர்ட்டில் உட்காரவைத்து ஷூவைக் கழற்றினேன். சுண்டுவிரல் தேய்ந்து, ரத்தம் காய்ந்து சாக்ஸோடு ஒட்டியிருந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை. சுகர் வந்து நாலு வருஷம். ஷிப்டு மாறும்போதெல்லாம் மாத்திரையை மறப்பார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். சக்கரத்துக்காக மூன்று தடவை மெக்கானிக்கிடம் போனவள், இவரை ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. பாவி, இரண்டு நாள் பேசாமல் வேறு இருந்தேன்.

"கண்ண மூடிக்கோ மாமா. தொட்டா சொல்லு."

கட்டைவிரலை அழுத்தினேன். பதில் இல்லை. நகத்தால் கிள்ளினேன். அதற்கும் பதில் இல்லை. அவர் காலிலிருந்து கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு அழுகையை அடக்கப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"தெரியுதுடி" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இப்ப நல்லா தெரியுது."