வேலியோரத்துச் செருப்புத் தடம்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாமரத்திலிருந்து ஒரு பழம் மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் தொப்பென்று விழுந்தது. அந்தச் சத்தம் என்னை அப்பா காலத்துச் செண்பகத்தோப்புக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே எங்கள் மாந்தோப்பை ஒட்டியது சீனியின் தோப்பு. அவர் உள்ளே வந்து பழம் பொறுக்குகிறார் என்று அப்பாவுக்குத் தீராத சந்தேகம். அப்பா போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். "வேலியத் தாண்டிக் கால் வச்சாலே கேஸ்தான்" என்பார். பொழுது சாயும்போது வேலியோரத்து மண்ணைத் தென்னை ஓலையால் பெருக்கிவிட்டு வருவார். விடிந்ததும் குனிந்து தடம் தேடுவார். கோழிக்கால் தடம்கூட அவருக்குச் சீனியின் காலாகத்தான் தெரியும்.

ஒரு நாள் காலையில் சீனியே வேலியருகே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நானும் எம் பக்கம் பெருக்கித்தான் போட்டிருந்தேன். செத்த வந்து பாருங்க."

சீனி பக்கத்து மண்ணில் அப்பாவின் டயர் செருப்புத் தடம் அச்சடித்தாற்போல் கிடந்தது.

"எங்க பழம் கெடக்கான்னு பார்க்கத்தான் வந்தேன்" என்றார் அப்பா.

"நான் அதுக்குக்கூட உங்க பக்கம் வந்ததில்லையே, அண்ணாச்சி."

பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பழத்தை எடுத்துவிட்டாரா என்று பார்க்க, இன்று ஸ்டூல் போட்டு ஏறினேன். ஒரு கால் மதிலுக்கு அந்தப்புறம் போன பிறகுதான், அவர் புதிதாக மாட்டியிருந்த கேமரா என் முகத்துக்கு நேராக இருப்பதைக் கவனித்தேன்.