வெள்ளை இல்லாத பால்

எனக்கு மூத்தவரான ராத்தாவின் மணிக்கட்டு முறிந்தது ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியபோது. அவர் விழவில்லை, வழுக்கவும் இல்லை. சாய்ந்தமருது வீட்டின் கிணற்றடியில் நிறைந்த வாளியைத் தூக்கினார், கை மடங்கிவிட்டது. கல்முனையில் படம் எடுத்துப் பார்த்த பெண் டொக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தொடாத பெண்ணின் எலும்பு இப்படி மெலிந்திருக்கக் கூடாது என்றார். "பால் குடிக்கிறல்லயா?" என்று கேட்டார். ராத்தா தலையைக் குனிந்துகொண்டார். "வயித்துக்கு ஒத்துக்கொள்ளாதா?" என்று டொக்டர் மறுபடி கேட்க, ராத்தா "ஓம்" என்றார். அது வயிற்றுக்கோளாறு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கடல் வந்த நாளுக்குப் பிறகு ராத்தா பாலைத் தொட்டதில்லை. கலியாண வீட்டில் பால் தேத்தண்ணி நீட்டினால் வாங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார். பால்மா கரைக்கும் வாசம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். தேங்காய்ப்பால் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஆணம், குழம்பு எதுவுமே இல்லை. அதைப் பிழிவது மட்டும் மச்சானின் வேலை. மஞ்சள் போட்டு நிறம் மாறிய பிறகுதான் ராத்தா அடுப்படிக்கு வருவார். கத்தாரிலிருந்து திரும்பி வந்த மனிதர் பெண்சாதி மேல் வைத்த பாசம் அது என்று நாங்கள் சிரித்ததுண்டு. மச்சான் மட்டும் சிரிக்கமாட்டார்.

நான் மனையியல் படிப்பிக்கும் ஆசிரியை. டொக்டர் அதைத் தெரிந்துகொண்டு, "நீங்க ரீச்சர்தானே, பால்தான் வேணும் எண்டில்ல. புரதமும் கல்சியமும் உள்ள வேற பானம் ஒண்டப் பழக்குங்க. பக்கெட்டில வாங்கினா முன்பக்கப் படத்தப் பாக்காதீங்க, பின்பக்க எழுத்த வாசிங்க" என்றார். வாசித்தேன். நகரத்துப் பெரிய கடையில் தட்டின் முன்னால் நின்று ஒவ்வொரு பக்கெட்டாகத் திருப்பினேன். ஓட்ஸ் பாலில் தண்ணீருக்கும் ஓட்ஸுக்கும் அடுத்தபடியாகச் சீனி இருந்தது. பாதாம் பாலில் பாதாம் பெயருக்குத்தான் இருந்தது, புரதம் இல்லை. அரிசிப் பால் கிட்டத்தட்ட இனிப்புக் கஞ்சி. தேங்காய்ப்பாலை யோசிக்கவே தேவையில்லை, கொழுப்பு நிறைய, எலும்புக்கு வேண்டியது கொஞ்சம். சீனி சேர்க்காத, கல்சியம் சேர்த்த சோயாப் பால் ஒன்றுதான் பசுப்பாலுக்குக் கிட்ட நின்றது. சேர்த்த கல்சியம் அடியில் தங்கிவிடும் என்பதால் நன்றாகக் குலுக்கி, ஒரு கிளாஸில் ஊற்றி ராத்தாவின் முன்னால் வைத்தேன்.

அவர் அதை முகரக்கூட இல்லை. "வெள்ளயா இரிக்கி" என்றார்.

"இது பால் இல்ல ராத்தா. சோயா அவரை."

"வெள்ளயா இரிக்கிகா" என்று மறுபடி சொன்னார். முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது. அந்தத் திரும்பலை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

நிறம்தான் தடையென்றால் நிறத்தை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சோயா அவரையை ஊறப்போட்டு, வறுத்த குரக்கன் என்ற கேழ்வரகு மாவும் எள்ளும் சேர்த்து நானே காய்ச்சுவது என்று முடிவு செய்தேன். இரண்டிலும் கல்சியம் உண்டு, இரண்டும் பானத்தை மண்ணிறமாக்கும். ஒரு வெள்ளிக்கிழமைக் காலை ராத்தாவின் குசினியில், ஊறிய அவரையின் தோலைக் கழற்றி அரைத்து, பழைய வெள்ளைச் சீலைத் துண்டில் கட்டி முறுக்கிப் பிழிந்தேன். ராத்தா குளிக்கப் போயிருந்தார் என்று நினைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது, மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்றார். என் விரல்களுக்கிடையே வழிந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடித்தான் எடுத்தாங்க" என்றார். "என்டேருந்து. சீலத் துண்டுல."

இருபது வருடத்துக்கு மேலாக நாங்கள் இருவரும் பேசாத விஷயம் அது.

கடல் வந்த அந்தக் காலை ராத்தா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதப் பெண்பிள்ளை உள்ளே ஏணையில் தூங்கியது. மச்சான் அப்போது கத்தாரில். தண்ணீர் ராத்தாவைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு பனையில் விட்டது, வீட்டை மிச்சம் வைக்கவில்லை. பிள்ளை கிடைக்கவே இல்லை. சம்மாந்துறைப் பள்ளிக்கூடமொன்றின் வகுப்பறையில் எங்களைக் கொண்டுபோய் இருத்தினார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. ராத்தா அழவில்லை. ஆனால் அவருடைய உடம்புக்கு எதுவும் தெரியாது, அது நேரத்துக்கு நேரம் பால் சுரந்தது. சட்டை நனைந்து, நெஞ்சு கல்லாகி, காய்ச்சல் வந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் யாரோ ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். ஆண்பிள்ளை, தாயைக் காணவில்லை. முகாமுக்குப் பால்மா வந்து சேரவில்லை. ஒரு பொம்பளை பிள்ளையை என் கையில் தந்து, "உன்ட ராத்தாட்டப் பால் இரிக்கே, குடுக்கச் சொல்லு புள்ள" என்றார். நான் கொண்டுபோய் ராத்தாவின் மடியருகே நீட்டினேன். பிள்ளை வாசம் பிடித்துத் தலையை அங்கும் இங்கும் ஆட்டியது. ராத்தா முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார். "இது என்ட புள்ளட பாலு" என்றார். கெஞ்சினேன். "கொண்டு போ" என்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் அவரை வகுப்பறையின் பின்பக்கம் கூட்டிப்போய், சீலைத் துண்டில் பாலைப் பிழிந்து மண்ணில் ஊற்றினார்கள். பிள்ளையின் அழுகை அங்கும் கேட்டிருக்கும்.

நான் சீனித் தண்ணீரைக் கரண்டியால் கொடுத்தேன். பாதி வழிந்தது. விடிந்தபோது அழுகை சிணுங்கலாகக் குறைந்திருந்தது. தாயின் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். திருக்கோவில் பக்கம் போகும் லொறி ஒன்று வெளியே நின்றது. நான் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. பிள்ளையைக் கொடுத்துவிட்டேன். கை லேசானது பெரிய ஆறுதலாக இருந்தது. லொறி போன பிறகுதான், வழியில் அதற்குக் குடிக்க ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இத்தனையும் என் மனதில் ஓடி முடிவதற்குள் ராத்தா குசினிக்குள் வந்து பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"மறுகா அந்தப் புள்ள பால் குடிச்சிச்சா?" என்று கேட்டார். "நீதானே வெச்சிருந்தாய்."

என் கையில் சீலைத் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. ராத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் ராத்தா. அடுத்த வகுப்புல ஒரு தாய் இருந்தா. அவ குடுத்தா. வயிறு நிறையக் குடிச்சிட்டுத்தான் நித்திரையாகிச்சு."

"நீ பாத்தாயா?"

"பாத்தன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். அந்த நாட்களில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார் என்று எனக்குத் தோன்றியது. நான் அடுப்பைப் பற்றவைத்தேன். சோயாவின் பச்சை வாடை போக நன்றாகக் கொதிக்கவேண்டும். குரக்கன் மாவையும் அரைத்த எள்ளையும் கரைத்து ஊற்றி, சீனிக்குப் பதிலாக இரண்டு பேரீச்சம்பழத்தை மசித்துப் போட்டேன். நிறம் மண்ணாகியது. ராத்தா மெதுவாகக் குடித்துப் பார்த்தார். "கட்டியா இரிக்கி, இன்னும் கொஞ்சம் தண்ணி விடு" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் குடிக்கிறார். எலும்பு பழைய மாதிரி ஆகாது, ஆனால் மேலும் மெலியவில்லை என்று டொக்டர் சொன்னார். "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். சோயா, குரக்கன், எள் என்றேன். நல்ல தெரிவு என்றார். வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசியில், கைக்குழந்தைக்கு இவற்றில் எதுவும் தாய்ப்பாலுக்கு ஈடாகாது, சீனித் தண்ணீர் உணவே அல்ல என்று சொல்லவேண்டும். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அந்த இடத்தில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

போன கிழமை அந்தி நேர மஃரிபுக்கு ராத்தாவின் வீட்டில் இருந்தேன். தொழுது முடித்து, முறிந்து சேர்ந்த கையையும் மற்றக் கையையும் ஏந்தி, சத்தமாகவே துஆ கேட்டார். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் கேட்டார். பெண்பிள்ளைக்குக் கேட்டார். பிறகு, "யா அல்லாஹ், அந்தப் புள்ளக்கிப் பால் குடுத்த தாய்க்கி நீ ரஹ்மத் செய். அவட புள்ள குட்டிகளுக்கு நோய் நொடி குடுக்காத" என்றார். மச்சான் சொன்னார், இப்போது ஐந்து நேரமும் அதைத்தான் கேட்கிறாராம்.

அப்படி ஒரு தாய் இல்லை. பக்கத்துப் பாயில் நானும் கையை ஏந்தி இருந்தேன். ராத்தா முடித்துவிட்டு என்னைப் பார்த்தார், காத்திருந்தார்.

"ஆமீன்" என்றேன்.