அடியுரம் போட்ட மீன்தொட்டி

உருகும் தாரின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு முதலில் விரல்நுனி எரியும், அப்புறம்தான் மூக்குக்கே தெரியும். பதினோரு வயதில், சாலை போட்டதுபோக ஓரத்தில் உறைந்துகிடந்த தாரைச் சுரண்டி வந்து, தகர டப்பாவில் போட்டுக் காய்ச்சி, ஐந்து கண்ணாடித் துண்டுகளை ஒட்டவைக்கப் பார்த்தவன் நான். உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பாடம் வாத்தியாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. ஆனால் மீன்தொட்டி எந்தப் பாடத்திலும் இல்லை. நேரில் பார்த்ததும் இல்லை. அண்ணி சொல்லிக் கேட்டதுதான்.

அண்ணி மெட்ராஸ்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் கிணற்றில் வாளி விட்டு இறைக்கத் தெரியாமல் கயிற்றையும் சேர்த்து உள்ளே விட்டவர். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் அவரை ஓட்டினேன். அவரும் சும்மா இருக்கமாட்டார். "உங்கூர்ல இன்னாடா கீது? எங்க வூட்ல கண்ணாடித் தொட்டில செடி மொளைக்கும், செடிக்கு நடுவுல மீனு நீந்தும். நீ கண்டியா?" என்பார். "அதான் எங்கூர்ல ஏரின்னு ஒண்ணு கீது அண்ணி, கண்ணாடி மட்டும் போடல" என்பேன். கையில் இருக்கிற கரண்டி என்னை நோக்கிப் பறக்கும்.

அந்தக் குரல்தான் அந்த வருஷம் புரட்டாசியில் நின்றுபோனது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்திருந்தோம். அதற்குள் ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை. அப்பாவும் அண்ணனும் அதைப் புதுத் துண்டில் சுற்றி ஏரிக்கரைப் பக்கம் எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னாலேயே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

திரும்பி வந்ததும் அண்ணி கேட்டார், "எங்க வெச்சீங்க?" என்று. யாரும் வாய் திறக்கவில்லை. பெற்றவளுக்கு அந்த இடத்தைக் காட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போய், என் கையைத் தன் உச்சந்தலையில் வைத்து அழுத்தினார்.

"எடம் தெரிஞ்சா அவ அங்கயே போயி குந்திக்கினு இருப்பா. அடுத்தது தங்காது. சொல்லமாட்டேன்னு எந்தல மேல சத்தியம் பண்ணு. உன் வாய நான் நம்பமாட்டேன்."

பண்ணினேன். மீறினால் அம்மா செத்துப்போவார் என்பது என் முழு நம்பிக்கை.

அண்ணி ஒருமுறைதான் கேட்டார். அதற்கப்புறம் எதையுமே கேட்கவில்லை, யாரோடும் பேசவுமில்லை. ஜன்னலைச் சாத்திய அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சோற்றுத் தட்டு போனது போலவே திரும்பி வரும். நான் வாசற்படியில் நின்று வாளிக் கதையை எடுத்துவிட்டுக்கூடப் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில், அது என் வாய்க்குள் இருந்தது. அதைக் கொடுக்க முடியாதவன் வேறு எதையாவது கொடுக்கப் பார்த்தேன். தொட்டி கட்டியது அப்படித்தான்.

படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கெஞ்சி வாங்கிய கண்ணாடி. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மடக்கிய மூலைச்சட்டம். இடுக்கை அடைக்க முதலில் தச்சரிடம் வாங்கிய "மக்கு" என்ற பூச்சுப் பசை வைத்தேன், ஒழுகியது. அதற்கு மேல் தார். தார் காய்ந்ததும் ஒருவழியாகத் தண்ணீர் நின்றது. அடுத்தது செடி. இங்கேதான் என் குலப்பெருமையைக் காட்டினேன். நாங்கள் நாலு தலைமுறையாக நெல் போடுகிறவர்கள், செடி என்றால் அடியுரம் இல்லாமல் எப்படி? மாட்டுக்கொட்டகையிலிருந்து நன்றாக மக்கிய எருவாகப் பார்த்து அள்ளி, நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் ஏரி மணலைக் கழுவாமல் கொட்டி, வேலம்பாசி என்கிற ஏரிச் செடியை நாற்று நடுவதுபோல் வரிசை பிடித்து நட்டேன். மறுநாள் தண்ணீர் டீக்கடை டீ நிறத்தில் இருந்தது. மூன்றாம் நாள் பச்சையாகி நுரை கட்டி, வீடே நாறியது.

"இன்னாடா இது, வூட்டுக்குள்ள சாக்கடை கட்டிக்கினு கீற?" என்று அம்மா துடைப்பத்தோடு வந்தார்.

"எரு போட்டா வெளையும்னு நீதானம்மா சொல்லுவ?"

"அடப்பாவி, மீனு வளக்கிறியா, நெல்லு வெளைக்கிறியா? ஊத்துடா வெளிய!"

சாத்தியிருந்த அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா, சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சத்தத்துக்காகவே மறுபடியும் ஆரம்பித்தேன்.

இந்தத் தடவை செய்யாற்று மணல். அரிசி களைவதுபோல் களைந்து, கழுவிய தண்ணீர் தெளிகிற வரைக்கும் விடவில்லை. எரு கிடையாது. வேலம்பாசிக் கொத்துகளை நூலால் கூழாங்கல்லில் கட்டி இறக்கினேன். ஏரி ஓரத்தில் பிடுங்கிய சின்ன அல்லிக்கிழங்கு ஒன்றையும் நடுவில் புதைத்தேன். தொட்டியைக் கூடத்தில், அண்ணியின் அறைக் கதவு திறந்தால் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். தண்ணீர் தெளியப் பத்து நாள் ஆனது. ஒரு காலையில் எழுந்து பார்த்தால், நான் வைத்தது வைத்தபடி இல்லை. குட்டைச் செடியெல்லாம் முன்னால் வந்திருந்தது, நெட்டையெல்லாம் பின்னால் போயிருந்தது, அல்லி ஒரு ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. எங்கள் வீட்டில் அப்படி அடுக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். நான் எதுவும் தெரியாதவன்போல் பல் துலக்கப் போய்விட்டேன். என் வாழ்க்கையில் யாரும் சத்தியம் வாங்காமலே வாயை மூடிக்கொண்டு இருந்த முதல் சந்தர்ப்பம்.

மீன் வேண்டும். மெட்ராஸ் மாதிரி கலர் மீன். கார்த்திகையில் ஏரி நிறைந்திருந்தபோது, கரை ஓரமாகச் சிவப்புச் சேலையை நனைத்துப் போட்டதுபோல் தண்ணீரில் ஒன்று அசைந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் அவ்வளவும் குஞ்சுகள், நெல் நீளத்தில், மிளகாய்ப்பழ நிறத்தில். பழைய வேட்டித் துண்டை விரித்து அள்ளினேன். இருபத்திரண்டு. தொட்டியில் விட்டதும் பச்சைக்குள் சிவப்பு புகுந்து புகுந்து வந்ததைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. பூனைக்குப் பயந்து தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, மேலே ஒரு கண்ணாடியை இறுக மூடினேன்.

காலையில் ஏழு குஞ்சு செத்துக்கிடந்தன.

அம்மா களையெடுப்புக்குப் போயிருந்தார், ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. ஏரியில் மீன் பிடித்து விற்கும் கன்னியம்மா அக்கா கூடையோடு கொல்லை வழியாக வந்தது. ஏரிக்கரைக் குடிசையில் இருக்கிற இருளர் வீட்டுப் பெண். தண்ணீருக்குள் இருப்பதையெல்லாம் பார்க்காமலே சொல்லும். ஓடிப்போய்க் கூட்டிவந்து காட்டினேன்.

"அய்ய, விரா மீனு குஞ்சுப்பா இது! கலரு மீனுன்னா புடிச்சே? ரெண்டு மாசம் போனா செவப்பெல்லாம் பூடும், கறுத்துப்போயி உன்ன மாதிரி ஆய்டும்" என்று சிரித்தது. செத்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "மேல வந்து காத்து குடிக்கிற சாதி தம்பி. இப்பிடி அடைச்சி மூடி வெச்சா இன்னா பண்ணும், பாவம்? நேத்துலேந்து ஆத்தாக்காரி அங்கயே சுத்திக்கினு கீது. இப்பக்கூடப் பாத்துட்டுதான் வரேன். மீதிக் குஞ்சுங்க இருந்தும் அது அடங்கல."

பின்னால் கதவு திறந்தது. அண்ணி வந்து தொட்டிமேல் இருந்த கண்ணாடியை இரண்டு கையாலும் எடுத்துக் கீழே வைத்தார். மிச்சமிருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாய் வைத்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடம் எங்க?" என்றார். இரண்டு மாதத்துக்கப்புறம் அவர் பேசிய முதல் பேச்சு.

"சின்னம்மா, நீ ஏரிப் பக்கம் வரக் கூடாது, பெரியம்மா கண்டா என்ன வெட்டிப் போட்டுரும்" என்றது கன்னியம்மா அக்கா.

"அவங்க வரதுக்குள்ள வந்துடுவேன். தம்பி, நீ புடிச்ச எடத்தக் காட்டு."

சொம்பால் ஒவ்வொன்றாக மொண்டு குடத்தில் விட்டார். பதினைந்து. செத்த ஏழையும் அல்லி இலையில் வைத்து எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் குடம் ஆடாமல் நடந்தார். கிணற்றில் கயிற்றை விட்ட ஆளா இது என்று கேட்க நாக்கு அரித்தது, கேட்கவில்லை. கரை இறக்கத்தில் அந்தச் சிவப்பு அங்கேயேதான் இருந்தது. அண்ணி முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குடத்தைச் சாய்த்தார். குஞ்சுகள் கொஞ்ச நேரம் சிதறி நின்று, பிறகு கூட்டத்தோடு கலந்துகொண்டன. அடியில் கறுப்பாக நீளமாக ஒன்று திரும்பியது. செத்ததைக் கரையோரச் சேற்றில் கையாலேயே தோண்டிப் புதைத்தார். கை கழுவிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வாயால்தானே சத்தியம் பண்ணினேன்? கையை நீட்டினேன். நூறு அடி தள்ளி, கரைமேல் நின்ற நுணா மரத்தின் அடியைக் காட்டினேன்.

அண்ணி அந்தப் பக்கம் பார்த்தார். போகவில்லை. அழவுமில்லை. மெல்லிய குரலில் கேட்டார்.

"தல எந்தப் பக்கம்டா?"

"தெக்கால, அண்ணி."

"முகத்த மூடினாங்களா?"

"துண்டால மூடினாங்க."

"சரி வா, அத்தை வந்துடுவாங்க" என்று குடத்தைக் கழுவி, தண்ணீர் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டார்.

அன்று இரவு அண்ணி அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கொல்லைக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். எனக்குத்தான் பயம், சத்தியத்தை மீறிவிட்டேனே. ஒரு மாதம் அம்மா இருமினாலும் தும்மினாலும் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "இன்னாடா திடீர்ப் பாசம்?" என்று விரட்டினார். அம்மா சாகவில்லை. இன்றும் என்னைத் திட்டுவதற்குத் தெம்பாகத்தான் இருக்கிறார். அண்ணிக்கு அடுத்துப் பிறந்த இரண்டும் தங்கின.

தொட்டியில் அப்புறம் மீனே விடவில்லை. செடி மட்டும் ஒரு வருஷம் இருந்தது. ஒரு வெயிற்காலத்தில் தார் இளகி, கூடம் முழுக்கத் தண்ணீர் ஓடி, கண்ணாடி விரிசல் விட்டது. ஏரியில் இப்போது குத்தகைக்காரர்கள் வளர்ப்பு மீன் விடுகிறார்கள். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. கரையை உயர்த்தி மண் கொட்டி அகலப்படுத்தியபோது நுணா மரமும் போய்விட்டது. இடத்தைக் காட்டு என்று இன்று யாராவது கேட்டால் என் கை எந்தப் பக்கம் நீளும் என்று எனக்கே தெரியாது.

போன பொங்கலுக்கு எல்லோருமாகக் கரைமேல் நடந்து போனோம். அண்ணியின் பேரன் முன்னால் குதித்துக்கொண்டே போனான். ஒரு மரமோ ஒரு கல்லோ இல்லாத, வண்டித்தடம் மட்டும் போகிற ஓரிடத்தில் அண்ணி எட்டி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அங்க மிதிக்காத, இப்பிடி சுத்தி வா."

"ஏன் ஆயா, அங்க இன்னா கீது?" என்றான் அவன்.

அவர் அவனை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். நானும் அதே வழியில் சுற்றிக்கொண்டு போனேன்.