நீலக்கரைப் பீங்கான்

இந்த வாரம் படுக்கையில் இருந்தபடி எழுதுகிறேன். காய்ச்சல். வாய் கசக்கிறது — கஞ்சியைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. எழுத்து கொஞ்சம் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் எழும்பிக் குசினிக்குப் போனேன். சாப்பிட அல்ல. எறும்பு தேட!

சிரிக்காதீர்கள். எங்கள் குசினியில் நீலக்கரை போட்ட பீங்கான் தட்டு ஒன்று இருக்கிறது. மெட்ராஸிலிருந்து வந்த நாள் முதல், என் மனைவி அதில் ஒரு பிடி சீனி போட்டு வைத்திருக்கிறாள். எங்கள் ஊர் சாய்ந்தமருது எறும்புகளைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா? குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூட விடாத கூட்டம். அந்தச் சீனியில் மட்டும் ஒன்றுகூட ஏறவில்லை.

மெட்ராஸ் கதையைச் சொல்லாமல் இது விளங்காது.

மனைவிக்கு அங்கே வயிற்றில் ஒப்பரேஷன். தலைமன்னாரில் கப்பலேறி, பிறகு ரயில் பிடித்துப் போய், மண்ணடியில் ஒரு லொட்ஜில் குசினியோடு அறை எடுத்தோம். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. அதற்குப் பிறகுதான் சோதனை — அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடல் கடக்க உடம்புக்கு விசா தருகிறார்கள்... நாக்குக்கு யார் தருவது? ஹோட்டல் சாம்பார் மணம் பட்டாலே ஓங்காளித்தாள். மண்ணெண்ணெய் அடுப்பில் நான் வைத்த தேங்காய்ப்பால் சொதியை ஒரு வாய் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் கையெல்லாம் குச்சியாகிவிட்டது. இப்படியே சாப்பிடாமல் கிடந்தால் ஆளைத் தேற்ற முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வருகிறேன். அறை வாசலில் மூடி வைத்த பீங்கான். திறந்தால் — நாட்டரிசிச் சோறு, முருங்கையிலைச் சொதி, மாசிச் சம்பல். ஆவி பறக்கிறது.

மாசி! மெட்ராஸில் நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் கிடைக்காத மாசிக் கருவாடு. நம்மவர் யாராவது பெட்டியில் கொண்டுபோனால்தான் உண்டு.

மனைவி எழும்பி உட்கார்ந்து, வழித்துச் சாப்பிட்டாள். நான் அழுதுவிட்டேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நம்முடைய பக்கத்துப் பெண் யாரோ இங்கே இருக்கிறாள் என்று அவளுக்குச் சந்தோஷம். பீங்கானைக் கழுவி வாசலில் வைக்கப் போன என்னைத் தடுத்தாள். நம் பெண்களைத்தான் தெரியுமே — சோறு வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். ஒரு பிடி சீனி போட்டு வைத்தோம். பின்னேரம் பீங்கானைக் காணவில்லை. அடுத்த நாள் சோற்றோடு வந்தது.

தினமும் இப்படியே. சீனி இல்லாத நாளில் பேரீச்சம்பழம். அதுவும் இல்லாவிட்டால் உப்பு. கொண்டுவருகிற ஆளை மட்டும் நான் பார்க்கவே இல்லை. ஒரு நாள் பள்ளிக்குப் போகாமல், கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. நேரம் போகிறதே என்று அறையிலேயே தொழுதேன். தொழுகை முடிவில் ஸலாம் கொடுத்துத் தலையைத் திருப்பினால்... வாசலில் பீங்கான்.

நடையில் ஒருவரும் இல்லை. எதிர் அறைக் கதவில் துருப்பிடித்த பூட்டு.

மனைவி தேறினாள். புறப்படுகிற அன்றும் சோறு வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு ஸலாம் சொல்லாமல் போகமாட்டேன் என்று நின்றாள். லொட்ஜ் காவல்காரரைக் கேட்டோம். சிலோன்காரர் நீங்கள் மட்டும்தான் என்றார். அவள் விடவில்லை, எதிர் அறையைத் திறந்து காட்டச் சொன்னாள்.

திறந்தார். தரை முழுக்கத் தூசு. ஒரு காலடிகூடப் பதியவில்லை. அடுப்பு மேடையில் மட்டும் சிறு சிறு குவியலாக — சீனி, சீனி, பேரீச்சம்பழம், உப்பு, மறுபடியும் சீனி. நாங்கள் கொடுத்த அத்தனையும். ஒரு எறும்பு இல்லை.

காவல்காரர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினார்.

"போன வருஷம் ஒரு சிலோன் அம்மா இங்க இருந்தாங்க சார். புருஷனுக்கு வைத்தியம் பாக்க வந்தவங்க. வேளாவேளைக்கு ஆக்கிப் போட்டாங்க. அவரு தேறி ஊருக்குப் போயிட்டாரு. அந்த அம்மாதான்... திடீர்னு மார்வலி. இங்கயே அடக்கம் பண்ணாங்க."

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கப் பார்த்தேன். பயம்தான், வேறென்ன? மனைவியோ பீங்கானைக் கழுவித் துடைத்து, தன் சேலைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னத்துக்குப் புள்ள? வெச்சிட்டு வா."

"எல்லாரையும் தேத்தி ஊருக்கு அனுப்பினவ. அவவ மட்டும் இஞ்ச தனிய விட்டுப்போட்டு எப்படிப் போற?"

பீங்கானும் எங்களோடு கப்பலேறியது.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். பள்ளியில் லுஹர் பாங்கு சொல்வது கேட்டது. படுக்கையில் இருந்தே தொழுதேன். பிறகு தண்ணீர் குடிக்கலாம் என்று குசினிக்குப் போனேன்.

அடுப்பு அணைந்து கிடந்தது. நீலக்கரைப் பீங்கானில் சீனி இல்லை. நாட்டரிசிச் சோறு, முருங்கையிலைச் சொதி, மாசிச் சம்பல். ஆவி பறந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. ஆனால் பசித்தது — காய்ச்சல் வந்த பிறகு முதல் முறையாக. உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டேன்.

பீங்கானைக் கழுவி, ஒரு பிடி சீனி போட்டு வைத்திருக்கிறேன். வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாமா?